சுவரைப் பார்த்த நாற்காலி

படத்தில் ஆள் இல்லை. ஆளின் நிழல் மட்டும் இருந்தது.

மேனேஜரம்மா கணினித் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மாளிகையின் பெரிய கூடம். மேலே தொங்கும் கண்ணாடி விளக்கு, இரண்டு பக்கமும் ஆளுயர ஜன்னல்கள், நடுவில் பாதை விட்டு வரிசையாகப் போட்ட தங்க நிற நாற்காலிகள், பாலிஷ் போட்ட தரையில் வழுக்கிக் கிடக்கும் சாயங்கால வெயில். விளம்பரத்துக்கென்று எடுத்த படம், அம்சமாகத்தான் வந்திருந்தது. கடைக்கோடியில், கடைசி வரிசைக்கும் பின்னால், வெறும் சுவர். அந்தச் சுவருக்கு முன்னால் தரையில் ஒரு தலை, இரண்டு தோள், ஒரு நாற்காலியின் கால்கள், எல்லாம் நிழலாகக் கிடந்தன. நிழலுக்குச் சொந்தமானது எதுவும் மேலே இல்லை.

போட்டோக்காரனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, கடைசியில ஒருத்தர் உக்காந்திருந்தாரே, அவரைப் படத்துலேருந்து எடுக்கச் சொன்னேன்ல?”

“எடுத்துட்டேனே மேடம். நாற்காலியோட சேர்த்து எடுத்துட்டேன்.”

“ஆளை எடுத்தீங்க. நிழலை யாரு எடுப்பா, உங்க மாமனாரா?”

அவன் சிரித்தான். “அட ஆமா மேடம். இப்பவே சுத்தம் பண்ணி அனுப்பறேன்.”

அனுப்பினான். சுத்தமாக இருந்தது. வலைத்தளத்தில் முதல் படமாக அதையே போட்டாள்.

அந்த ஆள் யார் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. முதலில் எடுத்த படத்தில் அவன் கேமராவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தான். அன்றைக்குக் கூடம் முழுக்க லைட்டுக்காரன், பந்தல்காரன், பூக்காரன் என்று ஒரே கூட்டம். எவனோ கால் வலிக்கிறதென்று உட்கார்ந்திருப்பான் என்று விட்டுவிட்டாள். இந்தத் தொழிலே அப்படித்தான். படத்துக்குள் ஒயர் வந்தாலும் வாளி வந்தாலும் மனிதன் வந்தாலும் வேண்டாதது வேண்டாததுதான். எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். படம் என்பது காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்கிற சாமான். அதை நம்பி ஊரே கிளம்பி வருகிறது.

அந்த மாளிகையில் இப்போது யாரும் குடியில்லை. கட்டியவன் போய், அவன் பிள்ளைகள் போய், பேரன்மார் ஆளுக்கொரு தேசத்தில் இருந்தார்கள். கல்யாணம், கம்பெனி விருந்து, சினிமாப் படப்பிடிப்பு என்று வாடகைக்கு விட்டு ஓடிக்கொண்டிருந்தது. சின்ன முதலாளி என்பவர் போனில் வரும் ஒரு குரல். ஆள் பிடிப்பது, விளம்பரம் செய்வது, வந்தவர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டுவது, விழா முடிகிறவரை நின்று பார்ப்பது எல்லாம் இவள் தலையில். ஓதம் ஏறிய சுவருக்கு முன்னால் பூச்சாடி வைப்பாள். பெயர்ந்த தரை மேல் கம்பளம் விரிப்பாள். எதை எதால் மறைப்பது என்பதுதான் சுருக்கமாகச் சொன்னால் அவள் உத்தியோகம். அதில் அவள் கெட்டிக்காரி.

வீட்டில் அவள் ஒருத்திதான் சம்பாத்தியம். கணவர் பஸ் மெக்கானிக்காக இருந்தவர். வண்டிக்கு அடியில் வேலை செய்யும்போது இடுப்பில் அடிபட்டு, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டோடு கிடந்தார். குனிய முடியாது, அதிக நேரம் நிற்க முடியாது. வாய் மட்டும் ஓயாது. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து சத்தம் வரும்: “என்ன மாளிகைக்காரி, இன்னைக்கு யாருக்கு யாரைக் கட்டி வச்சுட்டு வந்த?” அந்தக் குரலைக் கேட்டால்தான் அவளுக்கு வேலை முடிந்த மாதிரி. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த வாய்தான் பிள்ளை, குட்டி, ரேடியோ எல்லாம்.

விளம்பரத்தைப் பார்த்து ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா வந்தார். பெரிய இடம். கையில் போனைத் தூக்கிப் பிடித்து, படத்தையும் கூடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைக்கோடிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“படத்துல இந்த நாற்காலி இல்லையேம்மா.”

உயர்ந்த முதுகு வைத்த, கறுத்துப்போன பழைய மர நாற்காலி. சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. அவள் எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறாள், கவனித்ததில்லை.

“எடுத்துடறோம் சார்.”

“படத்துல எப்படி இருக்கோ அப்படியே எனக்கு வேணும். மாறுச்சுன்னா வேற இடம் பாத்துக்குவேன்.”

வீட்டைப் பார்த்துப் படம் எடுத்த காலம் போய், படத்தைப் பார்த்து வீட்டைத் திருத்துகிற காலம் வந்திருந்தது. அவர் காரில் ஏறியதும் பெருக்குகிற அம்மாளைக் கூப்பிட்டாள்.

“அக்கா, இந்த நாற்காலி ஏன் இங்க கிடக்கு?”

“அது அங்கதான் இருக்கும் மேடம்.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

“நான் வேலைக்கு வந்தப்பவே இருந்துச்சு. சுத்திப் பெருக்குவேன்.”

“நகத்திப் பெருக்கினதே இல்லையா?”

“நகத்துன்னு யாரும் சொல்லல. சொல்லாத வேலையை இழுத்துப் போட்டுச் செய்ய எனக்கென்ன கிறுக்கா?”

“படம் எடுத்த அன்னைக்கு இதுல உக்காந்திருந்தது யாரு?”

அந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளைப் பார்த்தாள். “இதுலயா? இதுல யாரும் உக்காந்து நான் பாத்ததில்லையே மேடம்.” அதோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள்.

நேரான முதுகு, கெட்டியான மரம். இடுப்பு வலிக்கு இந்த மாதிரி நாற்காலிதான் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சின்ன முதலாளியைக் கேட்டாள்.

“அந்த நாற்காலியா?” போனில் அவர் குரல் ஒரு நிமிடம் காணாமல் போய் வந்தது. “எடுத்துட்டுப் போங்க. இன்னைக்கேகூட எடுத்துட்டுப் போங்க.”

ஒரு விளக்குத் திரி கேட்டாலும் கணக்குக் கேட்கிற மனிதர். கேட்டவுடன் கொடுக்கிற முதலாளியைச் சந்தேகப்பட வேண்டும். அவள் சந்தோஷப்பட்டாள்.

பந்தல்காரன் வண்டியில் நாற்காலி வீட்டுக்கு வந்தது.

“வா மாளிகைக்காரி! சம்பளத்துக்குப் பதிலா சாமான் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களா?”

“வாயை மூடிட்டு உக்காந்து பாருங்க.”

மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் தளர்ந்தது. அவள் வெகு நாளாகப் பார்க்காத முகம். “அடியே, இடுப்புன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல. இனிமே என்னை இதுலேருந்து கிரேன் வச்சுத்தான் தூக்கணும்.”

அவள் சிரித்தாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

முதலில் நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. பிறகு கூடத்துச் சுவரோரம் வந்தது. ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது அது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் அதில் உட்கார்ந்திருந்தார். உயர்ந்த முதுகுக்கு மேலே அவருடைய பின்னந்தலை தெரிந்தது.

“ஏங்க, இப்படித் திருப்பிப் போட்டிருக்கீங்க?”

“வெளிச்சம் கூசுது.”

அவ்வளவுதான் சொன்னார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மாளிகைக்காரி என்று கூப்பிடவில்லை. மாத்திரை மயக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தால் போதும், மனது அதையே பிடித்துத் தொங்கும்.

படுக்க வரவில்லை. நாற்காலியே சுகமாக இருக்கிறதென்றார், அதுவும் அவள் கேட்ட கேள்விக்குச் சற்று நேரம் கழித்து, தூரத்திலிருந்து கேள்வி போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வருவதுபோல. சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டுப் போவாள். காலையில் தட்டு காலியாக இருக்கும். விளிம்பில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். விரலால் தொட்டால் சுண்ணாம்புப் பொடி. சுவர் உதிர்கிறது போல என்று நிமிர்ந்து பார்த்தால், போன வருஷம் பெயின்ட் அடித்த சுவர் வழவழவென்று இருக்கும்.

வாசனையும் வந்தது. விழா முடிந்து ஜாடிகளில் மறந்துபோன பூ, அழுகிய தண்ணீர், வருஷக்கணக்கில் திறக்காத அறை, மழையில் ஊறிய பழஞ்சுவர், எல்லாம் சேர்ந்த வாசனை. மாளிகையின் வாசனை. தன் துணியில் ஒட்டிக்கொண்டு வருகிறதென்று அவள் துணியையெல்லாம் ஊறவைத்துத் துவைத்தாள். குளித்தாள், தலைக்கும் ஊற்றிக்கொண்டாள். வாசனை அவளிடம் இல்லை. நாற்காலியிருந்த பக்கம் இருந்தது.

அவருடைய முகத்தைப் பார்த்துப் பல நாளாகிறது என்று ஒருநாள் காலை தலை வாரும்போது அவளுக்கு உறைத்தது. காபி கொடுக்கிற சாக்கில் சுற்றிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தாள். சுவருக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவில் ஒரு கை நுழையக்கூட இடம் இல்லை. முழங்கால் மேல் இரண்டு கைகள் இருந்தன. அசையாமல், பக்கத்துப் பக்கத்தில். அவர் கை அப்படிச் சும்மா இருந்து அவள் பார்த்ததே கிடையாது.

“டாக்டர்கிட்ட போகலாமாங்க?”

வெகுநேரம் கழித்து, “ம்.”

கல்யாணம் முடியட்டும், கூட்டிப் போகலாம் என்று வைத்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் கூடத்தை ஜோடித்தார்கள். சாயங்காலம் வேலையாட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவள் மட்டும் வரிசைகளின் நடுவே நடந்து, நாற்காலி உறைகளில் சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். வெள்ளைப் பூ வாசனை மூக்கை அடைத்தது. வெளியே ஜெனரேட்டர் உறுமிவிட்டு நின்றது. நின்ற அமைதியில் கடைக்கோடியில் யாரோ முனகினார்கள்.

“அப்பாடா... யப்பா...”

அவளுக்கு அந்த முனகல் தெரியும். கட்டிலிலிருந்து எழுந்திருக்கும்போது, பாத்ரூம் வாசற்படி ஏறும்போது, தினமும் கேட்டது. அண்மையில் கேட்காதது.

“என்னங்க?”

யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது.

“மாளிகைக்காரி.” மெல்லிய குரல். வலியை மறைத்துச் சிரிக்கப் பார்க்கிற குரல். “எங்கடி என்னை விட்டுட்டுப் போன?”

அவள் சுவருக்குக் கிட்டே போனாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையிலிருந்த போனைத் தூக்கி, தொழில் பழக்கத்தில், அந்தச் சுவரைப் படம் எடுத்தாள்.

படத்தில் இருந்தார்.

வீட்டில் போடுகிற கசங்கிய பனியன். ஒரு கை இடுப்பில். இன்னொரு கை சுவரில். இளைத்துப்போயிருந்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார இடம் இல்லாமல், நிற்க முடியாத மனிதர், நின்றுகொண்டிருந்தார். எத்தனை நாளாக நிற்கிறாரோ.

வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுத்தார்கள்.

“என்னங்க?”

மூச்சு மட்டும் வந்தது.

“வீட்டுலதான இருக்கீங்க? பேசுங்க. என்னைத் திட்டவாவது திட்டுங்க.”

“ம்.”

அந்த ‘ம்’ எதிரொலித்தது. உயரமான மச்சும் நீளமான தரையும் உள்ள இடத்தில் எதிரொலிப்பதுபோல. அவள் வீடு கை நீட்டினால் சுவர் தட்டுகிற வீடு.

போனைத் துண்டித்தாள். ஒரு தங்க நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டாள். “உக்காருங்க. இதுல உக்காருங்க.” படம் எடுத்தாள். அவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு படம். நின்றார். கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவன் உள்ளே இருக்கிற சாமானைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். இன்னொரு படம். இப்போது சுவரில் நெற்றியைச் சாய்த்திருந்தார்.

“இருங்க. அதையே கொண்டு வர்றேன். அந்த நாற்காலியையே கொண்டு வந்துடறேன். எங்கயும் போயிடாதீங்க.”

“நான் எங்கடி போவேன்,” என்றது சுவர்.

அவள் ஓடினாள். வாசலில் போட்டோக்காரன் கேமராப் பையோடு இறங்கிக்கொண்டிருந்தான்.

“மேடம், கூடம் ரெடியா? ஆளுங்க வர்றதுக்குள்ள படம் எடுத்துடட்டுமா?”

“எடுத்துக்கங்க,” என்றாள். வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வார்த்தை. வாய் தானாகச் சொன்னது. ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

வழியெல்லாம் நெரிசல். வீடு வந்து சேர்ந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. உள்ளே விளக்கு இல்லை. சுவிட்சைத் தட்டினாள். எரிந்தது. எரிந்தும் அந்த மூலை மட்டும் மங்கலாகவே இருந்தது.

உயர்ந்த முதுகு. பின்னந்தலை. முழங்கால் மேல் கைகள்.

“எந்திரிங்க.”

அசைவில்லை.

“அந்த நாற்காலி வேணும். எந்திரி. யாரு நீ? உன் இடத்துலயே உன்னைக் கொண்டுபோய் விட்டுடறேன். அவர் நிக்க முடியாத மனுஷன். அவரை விட்டுடு.”

அசைவில்லை. சுண்ணாம்பு வாசனை. அவள் நாற்காலி முதுகைப் பிடித்து இழுத்தாள். சில்லென்றிருந்தது. நகரவில்லை. மறுபடி இழுத்தாள்.

போன் அடித்தது. கணவரின் பெயர் இருக்குமோ என்று பார்த்தாள். போட்டோக்காரன்.

“மேடம், படமெல்லாம் பிரமாதமா வந்திருக்கு. பொண்ணு வீட்டுக்கும் அனுப்பிட்டேன்.”

“தம்பி, அந்தச் சுவர்...”

“அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். கடைசிச் சுவரோரம் யாரோ ஒருத்தர் இடுப்புல கை வச்சுட்டு நின்னிருக்காரு மேடம். எடுக்கறப்ப நான் பாக்கவே இல்ல. நீங்க வேற டென்ஷனா இருந்தீங்க, கேக்க வேண்டாம்னு நானே எடுத்துட்டேன். பக்கத்துச் சுவத்தையே கொஞ்சம் வெட்டி அவர் மேல ஒட்டிட்டேன். ஆள் நின்ன தடமே தெரியாது.”

“திரும்பப் போடுங்க.”

“என்னது மேடம்?”

“அவரைத் திரும்பப் போடுங்க! இப்பவே போடுங்க! அவர் என் வீட்டுக்காரர்!”

“ஐயையோ... பழசு மேலயே சேவ் பண்ணிட்டேனே மேடம். இப்ப எப்படி...”

போன் கையிலிருந்து நழுவியது. கீழே கிடந்து பேசிக்கொண்டே இருந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது.

எழுந்தது.

மெதுவாக. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. வலிக்கிற மனிதன் எழுவதுபோல. அவர் எழுவதுபோலவே. அதே உயரம். அதே தோள். அதே கசங்கிய பனியன்.

திரும்பியது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. சுண்ணாம்பு அடித்த பழஞ்சுவர். நெற்றியில் ஓதக் கறை. அதிலிருந்து தாடைவரை ஒரு மெல்லிய விரிசல். கண் இல்லை. வாய் இல்லை. விளிம்பில் காது மட்டும் இருந்தது. அவருடைய காது.

சுவருக்கு உள்ளேயிருந்து, வெகு ஆழத்திலிருந்து, தட்டுகிற சத்தம். பிறகு குரல்.

“மாளிகைக்காரி.”

அவள் கிட்டே போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்தாள். குளிர்ந்து, ஈரமாக, சொரசொரவென்று இருந்தது. நகத்தை விரிசலில் கொடுத்துச் சுரண்டினாள். பொடி உதிர்ந்தது. ஒரு பொருக்கு பெயர்ந்து விழுந்தது. அதற்கடியில் சுண்ணாம்பு. அதையும் சுரண்டினாள். அதற்கடியிலும் சுண்ணாம்பு.

அது அசையாமல், பொறுமையாக, அவளுக்கு வாகாகத் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு நின்றது.